பந்தைப் பார்க்காதவர்

பந்து கையை விட்டுக் கிளம்பியதும் கூட்டத்தின் தலைகளெல்லாம் அதன் பின்னே போகும். வெண்டல் ட்ராமெலின் தலை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவர் பார்வை எறிந்தவனின் கால்களில். அவித்த வேர்க்கடலை ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "ம், நல்லாயிருக்கு" என்பார். பந்து எங்கே போனது என்று பக்கத்திலிருப்பவர்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்கவும் மாட்டார்.

தென் ஜார்ஜியாவில் ஒரு சின்னக் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு ஆள் பார்த்துத் தருவது அவர் வேலை. அதிலும் குவார்ட்டர்பேக் மட்டும். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் அவன்தான். ஆளுக்கொரு காளைக் கனத்தில் நாலைந்து பேர் தன்னைச் சாய்க்க ஓடி வரும்போது அவன் நிதானமாக எறிய வேண்டும். பள்ளியை முடிக்கும் பையன்களில் வருஷத்துக்கு ஒரே ஒருவனைத்தான் கல்லூரி தன் செலவில் எடுக்கும். தேர்வு தப்பினால் தப்பியதுதான்.

மைதானத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால், கேலரியின் மூன்றாம் படியில் உட்காருவார். அங்கிருந்துதான் கால்கள் தெரியும். வீடு திரும்பியதும் மனைவி யூலா கேட்பாள்.

"யாரு ஜெயிச்சா?"

"தெரியலையே."

"மூணு மணி நேரம் அங்கதானே உட்கார்ந்திருந்த, வெண்டல்? நான் ரேடியோல கேட்டேன். சொல்லட்டுமா?"

"வேண்டாம், குழப்பிடும்."

அவருடைய சித்தாந்தம் சுருக்கமானது. "கைய விட்டுப் போயிட்டா அப்புறம் பந்து அவன் சமாச்சாரமே இல்ல. தடியன் ஒருத்தன் மேல வந்து விழறப்ப காலு ஓடுதா நிக்குதா, அதான் சமாச்சாரம். கை பலத்த மூணு வருஷத்துல ஏத்திடலாம். ஓடுற கால நிறுத்த எவனாலயும் ஆகாது."

அம்மாக்களிடம் மதிப்பெண்ணையோ கோப்பைகளையோ பற்றிக் கேட்க மாட்டார். "இந்த வருஷம் எத்தன ஜோடி ஷூ வாங்குனீங்க?" என்பார். இரண்டு என்றால் பையன் இன்னும் வளர்கிறான். இந்தக் கணக்கு ஒருமுறை காலை வாரியது. அவர் தேர்ந்தெடுத்த பையன் வளரத்தான் வளர்ந்தான், பக்கவாட்டில். இப்போது ஏரிக்கரையில் படகு விற்கிறான். அடுத்து எடுத்தவனுக்கு இரண்டாம் வாரமே அம்மா சமையல் ஞாபகம் வந்து, வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. தலைமைப் பயிற்சியாளர் ரிக்கெட்ஸ் வயதில் மகன் போன்றவர். மரியாதையாகத்தான் சொன்னார்: "மிஸ்டர் வெண்டல், மூணாவதும் சொதப்புச்சுன்னா நாம ரெண்டு பேரும் அந்த மொதப் பையன்கிட்டயே படகு விக்கற வேலை கேக்கணும்."

மூன்றாவதாக அவர் சொன்ன பெயர் ஜாரெல் டுபோஸ். கழி மாதிரி ஒல்லி. அவன் எறிந்த பந்து வால் அறுந்த பட்டம் போலத் தள்ளாடும். வேறெந்தக் கல்லூரியும் அவனைக் கூப்பிடவில்லை. ரிக்கெட்ஸ் மனதில் இருந்தவனோ எழுபது கெஜம் எறிபவன். முடிவெடுக்கும் முன் ஜாரெலை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாமென்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுடைய பள்ளி ஆட்டத்துக்கு அவரே வந்து வெண்டலின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜாரெல் எறிந்தான்.

"நல்லாயிருக்கு" என்றார் வெண்டல்.

"எதிராளி புடிச்சுட்டான்."

"அப்படியா."

மறுபடி எறிந்தான்.

"இது இன்னும் நல்லாயிருக்கு."

"இதையும் எதிராளிதான் புடிச்சான், மிஸ்டர் வெண்டல்."

மூன்றாவதும் எதிராளி கைக்கே போனபோது ரிக்கெட்ஸ் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டார். முன்வரிசையிலிருந்து பையனின் அம்மா திரும்பினாள்.

"என்ன சார், கேலியா?"

"இல்லம்மா, நிசமாத்தான் சொல்றேன்."

"அப்ப கண்ணு டாக்டரப் பாருங்க. எம்புள்ள இன்னிக்குக் கேவலமா ஆடறான்."

வெண்டல் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு தடவ பந்த விட்டுட்டுக் காலப் பாருங்க, கோச். அப்புறம் உங்க இஷ்டம்."

ஜாரெலின் அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. ஒரு எறிதலுக்குத்தான் நேரமிருந்தது; மறுமுனையில் சொந்த அணிக்காரன் பிடித்தால் ஆறு புள்ளி, வெற்றி. பந்து அவன் கைக்கு வந்த மறுநொடி அவனைக் காத்து நின்ற வலப்பக்க வரிசை உடைந்து, ஒரு மலை அவனை நோக்கி வந்தது. ரிக்கெட்ஸ் முழங்கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, அந்த ஒல்லிக் கால்களையே பார்த்தார். அவை அசையவில்லை. மோதிய கனத்தை வாங்கிக்கொண்டு, சாயும்போதே பையன் எறிந்தான். கூட்டம் எழுந்தது. ரிக்கெட்ஸ் எழவில்லை.

"நிக்குதுய்யா. நட்டு வச்ச மாதிரி நிக்குது" என்று முனகினார். கீழே கிடந்த பையனிடமிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஆமா, பந்து எங்க போச்சு?"

வெண்டலின் விரல்களுக்கிடையே பாதி உரித்த கடலை அப்படியே நின்றிருந்தது. கழுத்து ஆகாயத்துக்கு நிமிர்ந்திருந்தது. பந்து தள்ளாடித் தள்ளாடி மறுமுனை மூலைவரை போய், ஜாரெலின் அணிக்காரன் கைகளில் இறங்கியதை முழுவதும் பார்த்துவிட்டிருந்தார். சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரு கண்டா, கோச்" என்று சொல்லிக் கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினார்.