பல்பு எரியும் அலமாரி

அந்த அலமாரியின் பின்பலகையில், கீழ்ப்பக்கம், ஒரு ஓட்டை இருக்கிறது. கட்டை விரல் நுழையும். அதன் வழியாக ஒரு வயர் உள்ளே போகிறது. வயரின் முனையில் ஒரு குண்டு பல்பு. பகலிலும் எரியும், ராத்திரியிலும் எரியும். கேமரன் மலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்யாத நாளிலும் இங்கே பனி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மடித்து வைத்த துணியில் பூசணம் பூக்கும். அதற்குத்தான் பல்பு. அதன் சூட்டில் துணி காய்ந்தபடி இருக்கும். கதவைச் சாத்தினாலும் இடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்கு மச்சான் ஞாபகம்தான் வரும்.

மச்சான் என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரர். தேயிலை பேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தவர். நான் அதிகம் பேசமாட்டேன். பள்ளிக்கூடமும் அதிகம் போகவில்லை. லோரி ஓட்டுகிறேன். மச்சான் எங்கள் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

அலமாரி தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீர். புதுசு இல்லை. தோட்டத்துத் துரை பங்களாவில் பழைய சாமான்களைத் தள்ளிவிட்டபோது அப்பா வாங்கினார். நல்ல கனமான பலகை. மூங்கிலில் கயிறு கட்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே இருக்கிற ஒத்தையடிப் பாதையில் தூக்கி வந்தோம். நானும் ஒரு முனை பிடித்தேன். வீட்டில் இறக்கிய பிறகுதான் அப்பா ஓட்டையைப் பார்த்தார். எலி கடித்தது என்று நினைத்துவிட்டார். சம்பந்தி வீட்டார் கண்ணில் படக்கூடாது என்று மீன் டின்னை வெட்டி, தகரத்தை வைத்து ஆணி அடித்தார். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அப்போது யாரும் அலமாரிக்குள் பல்பு போட்டதில்லை. கல்யாணம் முடிந்து வந்த மழைக்காலத்தில் மச்சான் அந்தத் தகரத்தைப் பிடுங்கிவிட்டு வயரை விட்டார். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, தொரை வீட்டு எலியா இருந்தாலும் இவ்ளோ வட்டமாவா கடிக்கும்?" என்று மச்சான் கேட்டார்.

அப்பா கீழே கிடந்த தகரத்தைப் பொறுக்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து எங்கள் அலமாரியிலும் ஒரு ஓட்டை போட்டார். நான் அப்பா மாதிரி.

தங்கச்சி நோயில் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத எனக்கு வராது. அவள் போன பிறகு மச்சான் வீடு ஓசை இல்லாமல் ஆகிவிட்டது. பேசுகிற மனுஷன், பேச ஆள் இல்லை. மலைக்குக் கீழே ஈப்போவில் வேலை பார்த்த அவர் மகள் ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்தாள். பழைய சாமான்களைப் படம் பிடித்துப் போட்டால் ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள் என்று சொல்லிக் கொடுத்தாள். மச்சான் முதலில் போட்டது சாப்பாட்டு மேசையை. மலாயில் எழுதி, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். "மேசை. ஒரு மூலையில சூடான சட்டி வச்ச தழும்பு இருக்கு. ரெண்டு பேர் சாப்பிட்டது. ஒரு ஆளுக்குப் பெருசு." தானா ராத்தாவிலிருந்து ஒரு சீனத் தாத்தா வந்து எடுத்துப் போனார். அவரோடு அன்று சாயங்காலம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார் மச்சான். மேசையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு, தாத்தாவுடைய பேத்தியின் பரீட்சை வரைக்கும் போனது.

அப்படியே அது ஒரு வேலையாகிவிட்டது. நான் திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு ஈப்போவில் இறக்குவேன். திரும்பும்போது லோரி காலி. மச்சான் லீவு நாட்களில் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வார். கீழே யாராவது கட்டில் விற்பார்கள், மேலே யாருக்காவது கட்டில் வேண்டும். மேலே பங்களாவோ லாட்ஜோ காலி செய்தால் அலமாரி, நாற்காலி கீழே போகும். மற்றவர்கள் நல்ல பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். மச்சான் முதல் படத்திலேயே கீறல், உடைந்த கால், துருப்பிடித்த கீல் எல்லாம் காட்டுவார். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன்.

"கொறைய மொதல்ல சொல்லிட்டா அப்புறம் சண்டை இல்ல மச்சான். பொண்ணு பாக்கற எடத்துல யாரும் சொல்றதில்ல. மேசை, நாக்காலி விஷயத்துலயாவது சொல்லுவோம்."

கேமரனிலிருந்து போகிற அலமாரி எல்லாவற்றிலும் பின்னால் ஓட்டை இருக்கும். கீழே இருக்கிற ஆட்களுக்குப் புரியாது. ஒவ்வொருத்தரிடமும் மச்சான் பல்பு கதையைச் சொல்வார். ஈப்போவில் ஒரு மலாய் டீச்சரம்மா அதைக் கேட்டுவிட்டு, ஆசையாக அந்த வெயில் ஊரில் அலமாரிக்குள் பல்பைப் போட்டுவிட்டார். கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அடிக்கிறது, துணி எல்லாம் இஸ்திரி போட்ட சூட்டில் இருக்கிறது என்று போன் செய்தார். மச்சான் லோரிக்குள் சிரித்த சிரிப்பில் நான் வளைவில் வேகத்தைக் குறைத்தேன். அந்த அம்மா அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் அவருக்கு வாழ்த்து அனுப்புவார். மச்சானிடம் வாங்கியவர்கள் எல்லாம் இப்படித்தான் சொந்தமாகிவிட்டார்கள்.

மலை ஏறி முடிக்கிற வரைக்கும் அவர் பேசுவார். நான் "ம்" சொல்வேன். "நீ பாட்டு வராத ரேடியோ மச்சான். ஆனா லைட்டு மட்டும் எரியுது" என்பார்.

பிறகு அவருக்கு வயசாகி வேலை முடிந்தது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். மகள் தன் அடுக்குமாடி வீட்டுக்கு வரச் சொன்னாள். சின்ன வீடு. "அப்பா, அந்த அலமாரி லிப்ட்லயே நொழையாது. இங்க வெயிலு, பல்பும் வேணாம். வித்துருங்கப்பா" என்றாள். அவள் சொன்னது தப்பில்லை. மச்சானும் தப்பு என்று சொல்லவில்லை. படம் எடுத்துப் போட்டார். "ஒரு கதவு முழுசா மூடாது. உள்பக்கம் மாதா படம் ஒட்டுன பசை போகாது. பின்னால ஓட்டை." மூன்றும் உண்மை. ஆனால் ஆட்கள் விசாரிக்க ஆரம்பித்ததும் வேறு குறைகளும் சேர்ந்தன. கால் ஆடுது என்றார். தண்ணி பட்டு ஊறிப்போச்சு என்றார். கரையான் இருக்கு என்றார். நான் லோரி ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அலமாரியில் கரையான் கிடையாது. சாமான் விஷயத்தில் அவர் பொய் சொல்லி அப்போதுதான் கேட்டேன். அதை விற்க அவருக்கு மனம் இல்லை. வைத்துக்கொள்ளவும் இடம் இல்லை. வீட்டை விடுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

கரையானுக்கும் பயப்படாமல் கம்போங் ராஜாவிலிருந்து ஒரு ஜோடி வந்தது. பூப்பண்ணையில் வேலை செய்கிற தமிழ்ப் பிள்ளைகள். பண்ணை ஜீப்பை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். பெண்ணுக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. மற்ற சாமான் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டதால் வீட்டில் அலமாரி மட்டும் நின்றது.

"கரையான் இருக்குன்னு சொன்னேனேம்மா. எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார் மச்சான்.

"மருந்து அடிச்சிக்கலாம் அங்கிள். பிள்ளைக்குத் தைச்சு வச்ச துணியெல்லாம் இப்பவே பூசணம் புடிச்சிருச்சு. பல்பு போட்ட அலமாரின்னு பாத்தேன், அதான்."

புருஷன் பலகையை எல்லாப் பக்கமும் தட்டிப் பார்த்தான். "கரையானே காணோமே அங்கிள்?"

"வெளிய போயிருக்கும் லா" என்றார் மச்சான்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. தங்கச்சியின் சிவப்பு சுவெட்டர் ஒன்று மட்டும் தொங்கியது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது போட்டுக்கொள்வாள். பெண் அதைத் தொட்டாள். "நல்லா கதகதன்னு இருக்கு அங்கிள்" என்றாள். தன் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சுவெட்டரைக் கழற்றி எடுத்தார்.

"எடுத்துட்டுப் போம்மா. கரையான் எல்லாம் ஒன்னும் இல்ல. நான் சும்மா சொன்னேன்."

சொல்லிவிட்டு சுவெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைத் தொங்கவிட அந்த வீட்டில் ஓர் ஆணி இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார். மறுபடியும் மாற்றினார். நான் அதைப் பார்த்தேன்.

"இத விடுங்க" என்று அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். "என் வீட்டுல ஒரு அலமாரி இருக்கு. அதுலயும் பல்பு இருக்கு. எங்கப்பா போட்டது. அத எடுத்துக்குங்க. இது என் வீட்டுக்கு வருது."

நான் அவ்வளவு சேர்த்துப் பேசி மச்சான் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். பிறகு கேட்டார்:

"ஒன் பொண்டாட்டிய கேட்டியா?"

"இல்ல."

"செத்தே நீ, மச்சான்."

உண்மைதான். என் வீட்டுக்காரி வேலை முடிந்து வந்து பார்த்தபோது அவள் துணி எல்லாம் கட்டிலில் மலையாகக் கிடந்தது. "மனுசன் வீட்டுல இருக்கறத வித்துட்டு வெளிய இருக்கறத கொண்டு வருவானா? அண்ணனும் தம்பியுமா சேர்ந்துக்கிட்டு யாவாரமா பண்றீங்க?" என்று ஆரம்பித்தாள். அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை என்று சொல்ல அது நேரம் இல்லை. பிறகு எந்த அலமாரி என்று பார்த்தாள். கதவைத் திறந்தாள். மச்சான் சுவெட்டரைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டிருந்தார். அவள் தன் துணிகளை எடுத்து மறுபக்கம் அடுக்கினாள். "அந்தப் பக்கம் நாத்தனாருக்கு. யாரும் கை வைக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

மச்சான் ஈப்போவுக்குப் போனார். அலமாரிதான் கை மாறிவிட்டதே, விளம்பரத்தை எடுத்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும்" என்றார். நான் விட்டுவிட்டேன். கோஸ் இறக்கிவிட்டு ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனேன். மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். என்ன என்று எட்டிப் பார்த்தேன். யாரோ அலமாரி இன்னும் இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். மச்சான் துரை பங்களாவில் ஆரம்பித்து, மூங்கில், மீன் டின், மாதா படம், சுவெட்டர் வரைக்கும் வந்திருந்தார். கடைசியில்தான் கை மாறிவிட்டது, மன்னிக்கணும் என்று எழுதுவாராம்.

"சில பேரு திட்டுவாங்க மச்சான். நேரத்த வீணாக்கிட்டேன்னு. ஆனா சில பேரு கேக்கறாங்க. வீட்டம்மா எப்படி இருப்பாங்க, என்னா சமைப்பாங்கன்னு. வெலைய கேக்க வந்தவங்க அவள கேட்டுட்டுப் போறாங்க."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேசினால் மகள் அழுதுவிடுவாள். அதனால் அவர் பேசுவதில்லை. நான் பேசுகிற ஆள் இல்லை. தெரியாத ஆட்கள்தான் இருந்தார்கள்.

மாதத்தில் சில தடவை என்னோடு மலைக்கு வருவார். மடியில் ஒரு பொட்டலம் இருக்கும். நாளிதழில் சுற்றிய குண்டு பல்பு. இப்போது கடைகளில் எல்லாம் சூடு இல்லாத பல்புதான். குண்டு பல்பு கிடைப்பதில்லை. ஈப்போவில் எங்கோ ஒரு பழைய கடையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வளைவில் லோரி சாயும்போதெல்லாம் முட்டையைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் அலமாரியைத் திறப்பார். பல்புக்கு மேலே கையை நீட்டிச் சூடு பார்ப்பார். பேக்டரியில் இலைக்குள் கை விட்டுப் பார்க்கிற மாதிரிதான். "சரியா இருக்கு" என்பார். அப்புறம்தான் உட்காருவார்.

அவரும் போய்விட்டார். தூக்கத்தில். அடக்கம் முடிந்த பிறகு மகள் அந்தக் கைப்பேசியை என் கையில் வைத்தாள். "நீங்க வச்சிக்குங்க மாமா. ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்குப் படிக்க முடியல" என்றாள். சுவெட்டருக்குப் பக்கத்தில் அவருடைய தொப்பியை நான் மாட்டி வைத்திருக்கிறேன். அவர் கொண்டு வந்த பல்புகளில் இன்னும் சில மேல்தட்டில் இருக்கின்றன.

கைப்பேசி வந்ததிலிருந்து யார் கேட்டாலும் நான் "இல்லை" என்று ஒரு சொல் அனுப்புவேன். அதற்கு மேல் எனக்கு எழுத வராது. நேற்று சாயங்காலம் கோஸ் லோடு போட்டுவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். சத்தம் வந்தது. யாரோ ஒரு பெண். அலமாரி வேண்டும் என்று கேட்கவில்லை. "படத்துல பின்னால ஒரு ஓட்டை தெரியுதே, எலி கடிச்சதா?" என்று மலாயில் கேட்டிருந்தாள்.

எலி இல்லை என்று எழுதினேன். அனுப்பினேன். கைப்பேசியைக் கீழே வைத்தேன். எதிரே அலமாரி இடுக்கில் மஞ்சள் கோடு. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, எழுத ஆரம்பித்தேன்.

என் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிய அலமாரி அது.