கீழ்ப்படி இல்லாத நிலை

"அண்ணாச்சி, நீங்க செஞ்ச கதவு வழியா வீட்டுக்குள்ள காத்து வருது" என்று ஒரு பெண் போனில் சொன்னபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

மேலகரத்தில் முப்பத்தெட்டு வருஷமாக மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கதவு, நிலை, ஜன்னல்தான் பிழைப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும்.

போன் செய்தவள் பெயர் ஜமீலா. குத்துக்கல்வலசையில் புது வீடு. கணவர் சாகுலுக்குச் சவுதியில் வேலை. ஊரில் அவளும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் மட்டும்தான். வீட்டின் தலைவாசல் நிலையும் கதவும் என் பட்டறையில் செய்தவை.

"தாயி, ஆனி மாசம் காத்து வராம வேற என்ன வரும்? இந்தக் காத்துக்காகத்தான மெட்ராஸ்ல இருந்து பஸ் ஏறி குத்தாலத்துக்கு வாரானுவ. ஒனக்கு வீட்டுக்குள்ளயே வருதுன்னா சந்தோசப்படு" என்றேன்.

"நீங்களும் அதயேதான் சொல்லுதிய" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"நீங்களும்" என்றாளே, வேறு யார் அப்படிச் சொன்னார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்கப் போனேன்.

ஜீரோ லெவல்

கதவைத் தாங்குகிற சட்டத்தைத்தான் நிலை என்போம். அது நாலு பக்கமும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை, கீழே ஒரு படி. கதவை மூடினால் அந்தக் கீழ்ப்படியில் வந்து முட்ட வேண்டும். காற்றோ, சாரலோ, தேளோ, எதுவும் அதைத் தாண்டி உள்ளே வராது. நம் ஊர் மேற்கே மலையைப் பார்த்த ஊர். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும்.

இந்த வீட்டுக்கு நிலை கேட்டு வந்த கான்ட்ராக்டர் ஓர் இளவட்டம். கையில் லேப்டாப். "அண்ணாச்சி, மூணு பக்கம் போதும். கீழ்ப்படி வேண்டாம்" என்றார்.

"மேக்க பாத்த வாசல் தம்பி. படி இல்லாம எப்படி?"

"இப்போ யாரும் படி வைக்கதில்ல. கால் இடறும், பாக்கவும் பழைய மாடலா இருக்கும். ஹாலும் சிட்-அவுட்டும் ஒரே மட்டமா ஜீரோ லெவல்ல வரணும். அதான் டிசைன்."

நான் ஒரு தடவை சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டாவது தடவை சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டு மூன்று பக்கத்துக்கு மரத்தை அறுத்தேன். அந்த வீட்டில் பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தத் தலையாட்டல்தான் முதல் காரணம். அதை யார் தலையிலும் கட்டிவிட்டு நான் தப்பிக்கப் போவதில்லை.

அதோடு முடியவில்லை. போன வருஷச் சாரலில் கதவு ஊதிக்கொண்டது. கதவின் நாலு ஓரத்துக்கும், முக்கியமாக அடிப்பக்கத்துக்கும், பெயின்ட் அடித்திருக்க வேண்டும். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது என்று அங்கே மட்டும் பச்சை மரமாக விட்டிருக்கிறார்கள். அது தண்ணீரைக் குடித்துக் கதவு இறுகிவிட்டது. கான்ட்ராக்டர் ஓர் ஆளை அனுப்பி, மழைக்குள்ளேயே மரம் இழைக்கிற பிளேனர் மெஷினை வைத்துப் பூட்டுப் பக்கமும் அடியிலும் சீவித் தள்ளிவிட்டார். ஈரமாக ஊதியிருக்கிற மரத்தைச் சீவினால் கோடையில் என்ன ஆகும்? வற்றிச் சுருங்கும். இந்த வருஷம் சீசன் தொடங்கும்போது கதவுக்கும் தரைக்கும் நடுவில் என் கட்டைவிரல் போகிற இடைவெளி. பூட்டுப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. "கதவு பிரமாதமா ஸ்மூத்தா ஓடுது" என்று சீவிய அன்றைக்கு அந்த ஆள் சொல்லிவிட்டுப் போனானாம்.

உக்காருங்க

போன் வந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, அதே தெருவில் ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கப் போயிருந்தேன். ஜமீலா வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒரு அஞ்சு நிமிசம் உள்ள வந்துட்டுப் போங்க."

கதவடியில் கணவரின் பழைய கைலிச் சாரங்கள் மூன்றைச் சுருட்டித் திணித்திருந்தாள். ஈரத்தில் கனத்துக் கிடந்தன. நான் உள்ளே வருவதற்கு அவற்றை இழுத்து, பிழிந்து, நான் வந்தபின் மறுபடி திணித்தாள். யார் வந்தாலும் போனாலும் இதுதான். நிலைக்காலில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டியிருந்தது. அதுவும் சாரலில் நனைந்து, பாதி உரிந்து தொங்கியது. கான்ட்ராக்டர் மூன்று தடவை அதையே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

சாரங்களை எடுக்கச் சொல்லிவிட்டு, கதவருகே நின்று உள்ளங்கையை நிலையோரமாக ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் குளிர்ந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"லேசாத்தான தாயி வருது" என்றேன். மறுபடியும் அதே வாய்.

"நின்னா தெரியாது அண்ணாச்சி. எல்லாரும் நின்னுக்கிட்டுத்தான் பாக்காக. இங்கன உக்காருங்க" என்று ஹாலில் விரித்திருந்த சின்ன மெத்தையைக் காட்டினாள்.

குழந்தையின் மெத்தை அது. அடுக்களையில் வேலை செய்யும்போது அவள் பார்வை எட்டுகிற இடம் அதுதான். அதனால் பகல் முழுக்கக் குழந்தை அங்கேதான் கிடக்கும். பக்கத்தில் நெபுலைசர் மெஷின் இருந்தது. குழந்தைக்கு வீசிங், மூச்சிழுப்பு.

உட்கார்ந்தேன். இடுப்புக்குக் கீழே பனிக்கட்டித் தண்ணீரை ஊற்றியது மாதிரி இருந்தது. கதவடியில் நுழைகிற காற்று தரையோடு தரையாக ஓடிவந்து நேராக அந்த மெத்தையில்தான் முட்டுகிறது. அதோடு பொடிச்சாரலும் வருகிறது. மெத்தையின் ஓரம் சொதசொதவென்று இருந்தது. பேச என்ன யோக்கியதை இருக்கிறது எனக்கு?

"இந்த சீசன்ல மூணு தடவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியாச்சு. குளிர்காத்து படாம வச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்லுதாரு. எங்க வச்சுக்க?" என்றாள்.

"மாப்பிள்ள கிட்ட சொல்லலையா?"

"சொல்லாம இருப்பனா? கான்ட்ராக்டர் அவுகளுக்கு வீடியோ அனுப்பிட்டாரு. கதவு ஜம்முன்னு இருக்கு, தரை கண்ணாடி மாதிரி இருக்கு, குத்தாலக் காத்துன்னா அப்படித்தான் சார்னு சொல்லிட்டாரு. நான் எங்க உம்மா வீட்டுக்குப் போறதுக்குச் சாக்கு சொல்லுதேனாம்."

வீடியோவில் கதவு தெரியும், தரை தெரியும். காற்று எப்படித் தெரியும்? இந்த வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறவள் ஒருத்தி சொல்கிறாள். அங்கே இல்லாத மூன்று ஆம்பிளைகள், என்னையும் சேர்த்துத்தான், அவளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறோம்.

ஊதுபத்தி

படி வைக்க வேண்டுமென்றால் தரையின் கல்லை அறுக்க வேண்டும். சாகுல் சம்மதிக்காமல் அது நடக்காது.

"வீட்டுல ஊதுபத்தி இருக்கா தாயி? அப்படியே மாப்பிள்ளைக்கு வீடியோ கால் போடு" என்றேன்.

அவருக்கு அது டூட்டி பிரேக் நேரம். உடனே எடுத்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, நீங்களாவது அவகிட்ட எடுத்துச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

"சொல்லுதேன். மொதல்ல இதப் பாரும்" என்று ஊதுபத்தியைப் பற்றவைத்தேன். ஜமீலா போனைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் தலை உயரத்தில் பிடித்தேன். புகை லேசாக ஆடிக்கொண்டு மேலே போனது. அப்புறம் குனிந்து கதவடிக்குக் கொண்டுபோனேன். புகை அப்படியே படுத்துவிட்டது. கோடு கிழித்த மாதிரி தரையோடு ஓடி, மெத்தையில் போய்ச் சிதறியது. நுனியில் கங்கு பளிச்சென்று கனன்றது. போனைப் பிடித்திருந்த ஜமீலா, யாரும் சொல்லாமலே, புகையின் பின்னாலேயே போய் மெத்தையையும் மெஷினையும் காட்டினாள். குழந்தை புகையைப் பிடிக்கக் கையை நீட்டியது. ஊதுபத்தியை உடனே தண்ணீரில் அமுக்கிவிட்டேன்.

சாகுல் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "இவ்வளவா வருது?" என்றார். "இந்த நிலைய எவன் செஞ்சான்?"

"நான்தான் செஞ்சேன். கீழ்ப்படி இல்லாமச் செய்யக் கூடாதுன்னு தெரிஞ்சே செஞ்சேன். என்னைய ஏசணும்னா ஏசிக்கிடும். ஆனா ஒண்ணு கேக்கேன். ஒம்ம பொண்டாட்டி சீசன் தொடங்குனதுல இருந்து இதத்தான சொன்னா? அவ சொன்னா காதுல ஏறாது, ஊதுபத்தி சொன்னாத்தான் ஏறுமோ?"

வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். பேசிவிட்டேன். இப்போதும் அதற்கு வருத்தமில்லை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேலையப் பாருங்க அண்ணாச்சி. எதை அறுக்கணுமோ அறுங்க" என்றார். பிறகு மெதுவாக, "ஜமீலா..." என்றார்.

"பிள்ளைக்கு மருந்து நேரமாச்சு, பொறவு பேசுதேன்" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

படி

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். நிலையின் இரண்டு காலுக்கும் நடுவே, கதவுக்கு வெளிப்பக்கமாகக் கல்லை அறுத்து நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, ஒன்றரை இஞ்ச் உயரத்தில் வேங்கை மரப்பட்டியைச் சிலிக்கான் பசை போட்டு இறுக்கினேன். சாரல் தண்ணீர் வெளியே வழிய, பட்டியின் வெளிமுகத்தைச் சரிவாக இழைத்திருந்தேன். கதவை மூடினால் அதன் அடிப்பாகம் பட்டியில் வந்து முட்டும். நடுவில் ரப்பர் பீடிங். ஸ்பாஞ்ச் இல்லை, ரப்பர். பூட்டுப் பக்கம் சீவி எடுத்த அளவுக்கு மரப்பட்டி ஒட்டித் திருகினேன். கதவைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தி, அடிப்பக்கத்தைச் சூடுகாட்டி உலர்த்தி, பெயின்ட் அடித்தேன். மேலே உள்ள வென்டிலேட்டரை மட்டும் அடைக்கவில்லை. வீட்டுக்கு மூச்சுவிட வழி வேண்டும்.

மத்தியானம் கான்ட்ராக்டர் வந்து இறங்கினார். "என்ன அண்ணாச்சி இது? என் ஜீரோ லெவல கெடுத்துட்டிய. நாளைக்கு யாராச்சும் காலிடறி விழுந்தா?"

"விழுந்தா எந்திரிச்சுக்கிடுவாக. இந்தப் பிள்ள மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கே, அதுக்கு என்ன டிசைன் வச்சிருக்கீரு?" என்றேன். "இனிமே கீழ்ப்படி இல்லாத நிலை வேணும்னா வேற பட்டறையப் பாரும்."

"இவரு ஒருத்தர்தான் ஊர்ல மர வேல பாக்காரோ" என்று முனகிக்கொண்டே போனார். போகட்டும். அதற்குப் பிறகு அவர் என் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவருக்கு மூன்று பக்க நிலை அறுத்துக் கொடுக்க வேறு ஆள் கிடைத்திருக்கும். கிடைக்காமல் போகுமா?

பெயின்ட் காய்ந்து கதவை மாட்டும்போது சாயங்காலக் காற்று வலுத்துவிட்டது. வெளியே வேப்பமரம் பேயாட்டம் ஆடியது. நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையை உள்ளறையில் விட்டுவிட்டு, ஜமீலா ஓர் ஊதுபத்தியோடு வந்து கதவடியில் தரையில் உட்கார்ந்தாள். பற்றவைத்துப் படிக்குப் பக்கத்தில் பிடித்தாள். புகை நேராக மேலே போயிற்று.

"போனை எடு தாயி. மாப்பிள்ளைக்குக் காட்டலையா?" என்றேன்.

"அவுக நேத்தே பாத்தாச்சு. இது நான் பாக்கதுக்கு" என்றாள். ஊதுபத்தி பாதி எரிகிறவரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். காற்று வருகிறது என்று ஒரு வீட்டில் சொன்னால், நின்றுகொண்டு கதவைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாயை மூடிக்கொண்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் போய்த் தரையில் உட்காருங்கள். எனக்கு அதைச் சொல்லித்தர ஒரு குழந்தை மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது.