வாயில் நுழையாத ஊர்

போன வருடம் தை மாதம் நடந்தது. பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில், பட்டப்பகலில், சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ பஞ்சாயத்து என்றுதான் தெருவில் போனவர்கள் நினைத்திருப்பார்கள். பஞ்சாயத்தேதான். ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மகளுக்கு, செக் நாட்டில் ஒரு சின்ன ஊரில், இயந்திர பாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. விசாவும் வந்துவிட்டது. அவளை அனுப்புவதா வேண்டாமா என்று இவர்கள் முடிவு செய்ய வந்திருந்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைவர் என் கணவரின் அண்ணன். அவர் வேண்டாம் என்றால் என் கணவர் வாயே திறக்கமாட்டார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். மகள் உள்ளே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, துணியை அடுக்குவதா வெளியே எடுத்து வைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஊரு பேரையாச்சும் சொல்லும்மா, பாக்கலாம்" என்றார் கணவரின் அண்ணன்.

சொன்னேன். பாதியில் நாக்கு சுளுக்கிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"பேரே வாயில நுழையல. அந்த ஊருக்கு வயசுப் புள்ளைய அனுப்பறாளாம்!"

அந்தச் சிரிப்புதான் எனக்கு வேகத்தைக் கொடுத்தது. "பேருதாங்க மாமா வாயில நுழையல. ஊருக்குள்ள நான் நுழைஞ்சு ரொம்ப நாளாச்சுங்க" என்றேன்.

பொய்யில்லை. வேலை உறுதியான அன்றே, போன் மேப்பில் அந்த ஊரைக் காட்டு என்று மகளிடம் கேட்டேன். தெருத்தெருவாகப் படம் இருந்தது. விரலால் தள்ளினால் நாமே நடந்து போகிற மாதிரி. மாடு கறந்து, பால் ஊற்றிவிட்டு வந்து உட்காரும் நேரமெல்லாம் நான் அந்த ஊரில்தான் நடந்தேன்.

அன்றைக்கு நின்றபடியே வழி சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சரிவாக ஒரு ரோடு. கீழே ஓடை அகலத்தில் ஒரு ஆறு, அதன் மேல் கல் பாலம். தாண்டினால் பழைய கோட்டை வாசல். அதற்கடியில் புகுந்து வெளியே வந்தால் சந்தைத் திடல். நம் பாப்பாரப்பட்டி மாதிரி சந்தை கூடுகிற இடம்தான், தரையெல்லாம் கல் பாவியிருக்கும். நடுவில் உயரமான தூண், உச்சியில் மாதா. அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்து ஊர் சனம் செத்துப்போக, மிஞ்சியவர்கள் எழுப்பியது என்று மகள் படித்துச் சொல்லியிருந்தாள்.

"நோவு போவணும்னு நாம மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்தறமில்லீங்களா? அவுங்க தூணு நட்டிருக்காங்க. ஆத்தா இல்லாத ஊருக்கு ஒண்ணும் நான் அனுப்பலீங்க."

தூணுக்கு இடது கைப்பக்கம் மணிக்கூண்டு வைத்த நகராட்சிக் கட்டிடம், அதை ஒட்டிய சந்தில் ரொட்டிக் கடை, எதிரே மஞ்சள் வீடு. அதன் மாடியில்தான் என் மகள் தங்கப்போகிறாள். எல்லாம் சொல்லிவிட்டு அவரைக் கேட்டேன்: "பெங்களூருல உங்க பையன் இருக்கற வூட்டுக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்து எப்படிப் போவணும், சொல்லுங்க மாமா."

தெரிந்தால்தானே சொல்வார்! பையன் கிளம்பியபோது யாரும் நாற்காலி போட்டுக் கூட்டம் கூட்டவில்லை.

அப்போதுதான் என் கணவர் தொண்டையைச் செருமினார். "புள்ள போவட்டும்ண்ணா" என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். அண்ணன் காபியைத் தொடாமல் எழுந்து போனார். போனால் போகட்டும் என்று அந்தக் காபியை நானே குடித்தேன்.

மகள் போய் இறங்கியதும் சந்தைத் திடலில் நின்று வீடியோ காலில் கூப்பிட்டாள். "எல்லாம் பனியா இருக்கும்மா. தூணையே காணோம்!"

மேப்பில் இருந்தது வெயில்காலப் படம். இப்போது ஊரே வெள்ளை. மராமத்து வேலையோ என்னவோ, தூணைச் சுற்றிப் பலகை அடித்து மூடியிருந்தார்கள்.

"ஆத்தா பலகைக்குள்ளதான் இருப்பா. நீ மணிக்கூண்டப் பாத்து எடது கைப்பக்கம் திரும்பு" என்றேன். திரும்பினாள். சந்தில் ரொட்டிக் கடை இருந்தது. அதைப் பார்த்ததும் அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

அந்த ஊர்ப் பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை, சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், என் வாயில் பெயர் நுழையவில்லை என்பதற்காக என் மகள் நுழைய வேண்டிய எந்த வாசலையும் யாரும் சாத்த நான் விடமாட்டேன்.