லெம்லெம் சுவரில் போட்ட துளை

எங்கள் குடியிருப்பில் ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ, அவர்தான் தலைவராவார். மூன்று வருடம் முன்பு எனக்குக் காய்ச்சல். மறுநாள் எழுந்தபோது நான் சங்கத் தலைவி. அன்றிலிருந்து குப்பைத் தொட்டி, சைக்கிள் நிறுத்துமிடம், யார் வீட்டுப் பால்கனியில் மீன் காய்கிறது என்பதெல்லாம் என் தலைவலி. லெம்லெமைப் பற்றி நான் சொல்வதில் பக்கத்து வீட்டுக்காரியும் இருப்பாள், தலைவியும் இருப்பாள். அந்த இரண்டு பேருக்கும் பல நாள் ஆகாது.

லெம்லெம் எரித்ரியாவில் பிறந்தவள். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், எங்கள் மேட்டுக்கு ஏறி இறங்கும் பேருந்தை ஓட்டுகிறாள். எங்களோடு பதினோரு வருடமாக இருந்தாள். ஆனால் ஒரே வீட்டில் இல்லை. சங்க வீட்டை வாங்கியவர் அதில் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடுவதானால் மூன்று வருடம், அதற்கு மேல் கிடையாது. அதனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை லெம்லெம் மூட்டை கட்டுவாள். மகள் யோதித் எங்கள் பள்ளியில் படிப்பதால் குடியிருப்பை விட்டும் போக மாட்டாள். இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்குப் போவாள்; எங்களிடம் வாசலுக்கு ஒரு படிக்கட்டு. அவளுடைய சோபா ஏறாத படிக்கட்டு எங்களிடம் இல்லை. தூக்குகிறவர்கள் நாங்கள்தான். தூக்காமல் அதிகாரம் மட்டும் செய்கிறவர் ஒட்வார்.

அவள் வீட்டுக்குப் போனால் காப்பி மூன்று சுற்று குடிக்காமல் எழ முடியாது. ஆனால் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்காது. அம்மாவின் படம், யோதித்தின் பள்ளிப் படங்கள், எல்லாம் தரையில் சுவரோரம் சாய்ந்து நிற்கும். "வாடகைச் சுவர்ல துளை போட்டா, போறப்ப அடைக்கணும். எதுக்கு?" என்பாள்.

ஒட்வார் எங்கள் வாசலில் நாலாவது மாடி. கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருப்பவர், மனைவி போய் வெகுகாலம் ஆகிறது. லிஃப்ட் கிடையாது. இரவு எட்டு மணிக்கு மேல் எவராவது சுவரில் துளை போட்டால், வெந்நீர்க் குழாயைச் சுத்தியலால் தட்டுவார். குழாய் கீழிருந்து மேல்வரை எல்லா வீட்டுக்குள்ளும் ஓடுகிறது. டங், டங், டங். எங்கள் வாசலில் அந்த டங் வாங்காத வீடு இல்லை. நான் தலைவியான பிறகும் வாங்கினேன். லெம்லெம் ஒருத்திதான் வாங்கியதில்லை. அவள்தான் துளையே போடுவதில்லையே. இந்த வருடம் வசந்தத் துப்புரவுக்கு நாங்கள் எல்லாரும் துடைப்பத்தோடு முற்றத்தில் நின்றபோது, ஒட்வார் பால்கனியில் நின்றபடியே விரட்டினார். கிழவர் ராஜாவாகிவிட்டார் என்று சிரித்தோம்.

மே மாதத்தில் எங்கள் வாசலின் தரைத்தள வீடு விற்பனைக்கு வந்தது. லெம்லெமின் வாடகைக் கெடு ஜூனோடு முடிகிறது. இந்த முறை குடியிருப்பில் வாடகைக்கு வேறு வீடு இல்லை. நகரத்துக்குள் வேறெங்கும் அவள் சம்பளத்துக்கு நெருங்க முடியாது. யோதித்துக்கோ பள்ளியில் கடைசி வருடம் பாக்கி. இந்த வீடு கிடைத்தால் இங்கே, கிடைக்காவிட்டால் ஒரு மணி நேரம் தள்ளி ஏதோ ஓர் ஊர்.

எங்கள் ஊரில் வீட்டு ஏலம் கைபேசியில் நடக்கும். அதுவும் வேலை நேரத்தில், அரைமணிக்கு ஒரு கெடு வைத்து. பேருந்து ஓட்டுகிறவள் என்ன செய்வாள்? அன்று காய்கறி வாங்க நான் அவள் வண்டியில் ஏறினேன். கைபேசியை என் கையில் திணித்தாள்.

"நீங்க படிங்க, குன்வோர். வண்டி ஓடுறப்ப நான் தொட மாட்டேன்."

"நான் சங்கத் தலைவி. நான்தான் தொடக் கூடாது."

"இப்ப நீங்க பயணி. பயணி கைபேசி பாக்கலாம்."

முன் இருக்கையில் உட்கார்ந்து படித்தேன். யாரோ விலையை ஏற்றியிருந்தார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது "கூட்டுங்க" என்றாள். கூட்டினேன். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி ஏறியது. மறுபடி கூட்டினேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஆனால் காது எல்லாருக்கும் இருக்கிறது. இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம் வந்தபோது வங்கி சம்மதித்த எல்லையைத் தொட்டுவிட்டோம். அதற்கு மேல் ஒரு குரோனர்கூட ஏற்ற முடியாது. கைபேசி சிணுங்கியது. உங்கள் விலை ஏற்கப்பட்டது என்று உரக்கப் படித்தேன். கம்பளித் தொப்பி போட்ட ஓர் ஆள் "வாழ்த்துகள்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். எங்கள் ஊருக்கு அது பெரிய கொண்டாட்டம்.

ஆனாலும் ஒரு கதவு பாக்கி இருந்தது. ஏலத்தில் நின்ற விலையைச் சங்கப் பலகையில் ஒட்ட வேண்டும். சங்கத்தில் வீடு உள்ள எவரும் அதே விலையைக் கொடுத்து அந்த வீட்டைத் தானே எடுத்துக்கொள்ளலாம். பலர் கேட்டால், அதிக காலம் இருந்தவருக்கு முதலுரிமை. விலையை மட்டும்தான் ஒட்டுவோம், வாங்குகிறவர் பெயரை ஒட்டுவதில்லை.

"நீதான் வாங்குறேன்னு நாலு பேர்கிட்ட சொல்லி வை" என்றேன்.

"மாட்டேன். சோபா தூக்க வாங்கன்னு கேட்டிருக்கேன். வீட்டை விட்டுக்குடுங்கன்னு கேக்க மாட்டேன்."

கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது எனக்கு மின்னஞ்சல் வந்தது. தரைத்தள வீடு எனக்கு வேண்டும், ஒட்வார். அவ்வளவுதான் வாசகம்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கேட்டது ஒட்வார், இழந்தது லெம்லெம் என்ற செய்தி வாசல் வாசலாகப் பரவியது. மூன்றாவது மாடி துர்தானா, பாகிஸ்தானில் பிறந்து எங்கள் வாசலில் முப்பது வருடமாக இருப்பவள், படிக்கட்டிலேயே நின்று கத்தினாள். "ஒத்தக் கிழவருக்கு ரெண்டு வீடு கேக்குதா? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. நடுவுல நாங்கெல்லாம் என்ன, முட்டுக் குடுக்குற தூணா?" வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்கு வீடு கிடைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லெம்லெம் சீருடையோடு நேரே நாலாவது மாடிக்கு ஏறினாள். கைகலப்பாகிவிடுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். ஒட்வார் கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு ஒட்வார்? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

"நீயா? நீ எதுக்கு இதுல வர்றே?"

"அந்த வீட்டை வாங்குனது நான்."

கிழவரின் முகம் வெளுத்துவிட்டது. "பலகையில விலைதானே இருந்துச்சு. பேரு எங்க இருந்துச்சு? நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

லெம்லெம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிறிஸ்துமஸ்லேர்ந்து என் முட்டி மடங்கல" என்றார். "படியில உக்காந்து உக்காந்துதான் இறங்குறேன், சின்னப் புள்ள மாதிரி. காலையில நீங்கெல்லாம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி. கீழ வீடு வந்தா எடுத்துக்கணும்னு எத்தனை நாளா காத்திருக்கேன், தெரியுமா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பால்கனி ராஜா என்று சிரித்த கூட்டத்தில் என் சிரிப்புதான் பெரிது.

லெம்லெமின் கோபம் மட்டும் அடங்கவில்லை. "என்கிட்ட சொல்லியிருந்தா தினம் நானே இறக்கிவிட்டிருப்பேனே. சரி, உங்க முட்டிக்கு வழி பொறந்துடுச்சு. ஜூன்ல நான் எங்க போறது? அதைச் சொல்லுங்க."

அவர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். "இது இருக்கே."

"எனக்குப் பிச்சை வேணாம்."

"பிச்சையா? கீழ வீட்டுக்கு நீ என்ன விலை சொன்னியோ, அதே விலை. ஒரு குரோனர் குறைக்க மாட்டேன்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சாயங்கால வெயில் விழுற பால்கனி, ஒட்வார். ஏலத்துக்கு விட்டா நிறைய கூட வரும்" என்றேன்.

"ஏலம் விட்டா, நீல பிளாஸ்டிக் உறையைச் செருப்பு மேல மாட்டிக்கிட்டு நாப்பது பேர் என் படுக்கையறையில நடப்பான். வேணாம்."

அதோடு தீர்ந்ததா? இல்லை. இந்த வீட்டின் விலையையும் பலகையில் ஒட்டியாக வேண்டும், இதற்கும் முதலுரிமை உண்டு. அந்த வீட்டுக்கு அந்த விலை என்றால் எவருக்கும் எச்சில் ஊறும். அடுத்த வெள்ளிக்கிழமை நண்பகல்வரை கெடு. நான் ஒட்டி முடிக்கும்வரை லெம்லெம் பக்கத்தில் நின்றாள். பிறகு என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள்.

"பேரை எழுதுனா கெஞ்சுற மாதிரிதான் இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு விலைக்குக் கீழே பெரிதாக எழுதினாள்: வாங்குவது நான், லெம்லெம்.

அறிவிப்பில் யாரும் எதையும் சேர்த்து எழுதக் கூடாது என்பது விதி. தலைவி கிழித்துப் போட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை.

புதன்கிழமை துர்தானா என் வீட்டுக்கு வந்தாள். துர்தானா வெறுங்கையோடு வந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அக்கா, அந்த விலை நிஜமா?"

"நிஜம்."

"கல்யாணத்தைப் பண்ணிப் பாத்துட்டேன், வீடுதான் பாக்கி. மகனும் மருமகளும் என் பக்கத்து அறையில கெடக்காங்க. நடுவுல இருக்கறது சுவரா, அட்டை. நான் இருமுனாக்கூட அங்க பேச்சு நின்னுடுது. நான் கேட்டா எனக்குக் கெடைக்குமா?"

பொய் சொல்ல முடியாது. "கிடைக்கும். ஒட்வாரையும் என்னையும் விட்டா ரொம்ப காலம் இருக்கறது நீதான்."

"என்ன பண்ணணும்?"

"வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள்ள எனக்கு ஒரு வரி மின்னஞ்சல் போடணும்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"தலைவி நினைக்கக் கூடாது."

"அட போங்கக்கா. உங்க மூஞ்சி கத்துது" என்று எழுந்து போனாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளும் தன் பிள்ளைக்குத்தான் கேட்டாள். பிள்ளைகள் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். சைக்கிள் நிறுத்துமிடம் பற்றி ஒன்று வந்தது. மீன் பற்றி ஒன்று வந்தது. நண்பகலுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது துர்தானா பெயரில் ஒன்று விழுந்தது. திறந்தேன். துணி துவைக்கும் அறையில் விசிறி ஓடவில்லை, யாராவது பார்ப்பீர்களா மாட்டீர்களா என்று திட்டியிருந்தாள். பன்னிரண்டு அடித்தது. வேறு எதுவும் வரவில்லை.

வண்டி ஓட்டும்போது லெம்லெம் கைபேசியைத் தொட மாட்டாள் என்பதால் சால்வையைச் சுற்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு ஓடினேன். அங்கே துர்தானா கடைப் பையோடு நின்றிருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வண்டி வந்தது. என்னைக் கண்டதும் லெம்லெம் கதவைத் திறக்காமல் ஒரு கணம் உட்கார்ந்திருந்தாள். பிறகு திறந்தாள்.

"யாரு கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

"யாருமேவா?"

"யாருமே."

லெம்லெம் ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. துர்தானா என்னை இடித்துக்கொண்டு ஏறினாள். "என்ன, வண்டி கெளம்பாதா? கடையில பாலு தீந்துடும்."

லெம்லெம் நிமிர்ந்தாள். "நீ கேப்பேன்னுதான் பயந்தேன்."

"கேக்கத்தான் இருந்தேன். என் மருமகளுக்கு நாலு மாடி ஏறுனா மூச்சு வாங்குமாம்."

அந்த மருமகளை எங்கள் எல்லாருக்கும் தெரியும். போன வருடம் மாரத்தான் ஓடிப் பதக்கம் வாங்கியவள். எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. இந்தக் குடியிருப்பில் நாற்பது வருடமாக இருக்கிறேன். இங்கே ஜனங்கள் ஒருவருக்கொருவர் செய்த பெரிய உதவி எதுவென்று கேட்டால், அந்த வாரம் அத்தனை பேரும் சும்மா இருந்ததைத்தான் சொல்வேன். பின்னாலிருந்து ஒருவர் நேரமாகிறது என்று முனகினார். வண்டி கிளம்பியது.

சோபா இன்னொரு முறை படியேறியது. ஒட்வார் கீழே தன் புதுக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது பக்கம் சாய், வலது பக்கம் சாய் என்று விரட்டினார். நாலாவது மாடியில் நாங்கள் எதைச் சாய்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

"ஞாயித்துக்கிழமை துளை போடலாமா, குன்வோர்?" என்று கேட்டாள் லெம்லெம்.

"கூடாது. ஓய்வு நாள்ல சத்தம் கூடாது, விதி விதிதான். திங்கக்கிழமை போடு."

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து ஆரம்பித்தாள். கான்கிரீட் சுவர், எல்லா வீட்டிலும் பல் கூசியது. அம்மா படத்துக்கு ஒன்று, யோதித்தின் படங்களுக்கு ஒவ்வொன்று என்று போட்டுக்கொண்டே போனாள். பதினோரு வருடத்துத் துளை அல்லவா. எட்டு மணி அடித்ததை அவள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

கீழிருந்து குழாய் வழியாக வந்தது. டங், டங், டங்.

மேலே துளைக்கருவி சட்டென்று நின்றது. லெம்லெமுக்கு வாழ்க்கையில் முதல் டங். துர்தானா மூன்றாவது மாடியில் சிரிப்பது எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து அதே குழாய் வழியாகப் பதில் இறங்கி வந்தது, ஒரே ஒரு டங்.