கல்லறை மண்ணோடு வந்த பெரணி

கல்லூரித் தோட்டத்தில் சம்பூர்ணத்துக்குப் பதினெட்டு வருட வேலை. ஜூன் மாதம் கணவன் யேசுதாஸை அடக்கம் செய்த நான்காம் நாளே பிள்ளையார்பாளையம் வீட்டிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் கடைசியில், கல்லறைத் திருநாளுக்காக யேசுதாஸின் கல்லறையைச் சுத்தம் செய்யப் போனார்கள். கொழுந்தன் தாவீது கொத்தனார். புல்லைச் செதுக்கிவிட்டு மேலே பூசிவிடலாம் என்று சிமெண்ட் மூட்டையோடு வந்திருந்தான். நான்கு நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. புல்லுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒற்றை ஒற்றையாக இலைகள். ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் மெல்லிய காம்பு ஒன்று எழுந்து, நுனியில் இரண்டு வரிசையாகக் கடுகைவிடச் சிறிய மணிகளைத் தாங்கி நின்றது.

சம்பூர்ணம் அப்படியே உட்கார்ந்தாள். பாம்பு நாக்குப் பெரணி. கல்லூரியின் தாவரவியல் ஆசிரியை ஸிந்துஜா இரண்டு முறை எங்கிருந்தோ வரவழைத்து, இரண்டு முறையும் செத்துப்போன செடி. வேரைக் கழுவிப் புது எருமண்ணில் நடச் சொன்னது ஸிந்துஜா, கழுவியது சம்பூர்ணம். வேரோடு ஒரு பூஞ்சை சேர்ந்திருக்கிறது, செடிக்குச் சோறு போடுவதே அதுதான் என்று ஸிந்துஜா பிறகுதான் படித்துவிட்டு வந்து சொன்னாள்.

"இன்னா அண்ணி, ஜெபமா? எழுந்துரு, செதுக்கணும்."

"இத செதுக்காத."

தாவீது குனிந்து பார்த்தான். "அண்ணன் உயிரோட இருந்தப்ப ஒரு கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தினது இல்ல. இப்ப பாரு, தலைமேல தோட்டம் போட்டுக்கினு கீறாரு."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சிமெண்ட் பூசினால் அவ்வளவும் செத்துவிடும். அது மட்டும் நடக்கக் கூடாது என்று இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"உன் சிமெண்ட் அள்ற பாண்ட குடு. மண்ணோட எடுக்கணும்."

"கல்லறை மண்ண வீட்டுக்கு எடுத்துக்கினு போவலாமா?"

"வீட்டுக்கு இல்ல. காலேஜுக்கு."

"காலேஜுக்கு மட்டும் ஆவுமா? நல்லா கீதே நியாயம்!"

சொல்லிக்கொண்டே அவன்தான் மண்வெட்டியால் சுற்றிலும் ஆழமாக வெட்டி, கட்டி உடையாமல் பாண்டில் தூக்கி வைத்தான். பிறகு சிமெண்ட் கலக்கப் போய்விட்டான்.

கல்லூரியில் புல்தரை ஓரம், அரை நிழலில், மண்கட்டியின் அளவுக்கே குழி வெட்டி உதிராமல் இறக்கினாள். ஸிந்துஜா மாணவிகளை அழைத்து வந்தாள். சில ஊர்களில் இதைக் கீரையாகச் சமைப்பார்கள், இலையை அரைத்துப் புண்ணுக்கும் போடுவார்கள் என்று சொன்னாள். எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "மழைக்கு மொளைச்சிருந்துச்சு மேடம்" என்று மட்டும் சம்பூர்ணம் சொன்னாள்.

டிசம்பர் முடியும்போது இலைகள் மஞ்சளாகி மடிந்தன. பிப்ரவரியில் வெறும் மண். அங்கே குரோட்டன்ஸ் வைக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. சம்பூர்ணம் சுற்றி நான்கு செங்கல்லை அடுக்கினாள்.

"செத்துப்போச்சா சம்பூர்ணம்மா?" என்றாள் ஸிந்துஜா.

"தெரியல மேடம். வெயில் காலத்துல மண்ணுக்குள்ள அடங்கிக்கும்னு நீங்கதான சொன்னீங்க? தோண்டிப் பாத்தா தெரியும். தோண்டினா செத்துடும்."

ஏப்ரல், மே. ஜூனில் யேசுதாஸுக்கு வருட ஜெபம் நடந்தது. பிரியாணி போட்டார்கள். சாப்பிட்டாள். மறுநாள் வந்து செங்கல்லுக்குள் பார்த்தாள். மண்தான்.

ஜூலையில் இரண்டு மழைக்குப் பிறகு ஒன்பது இலைகள் வந்திருந்தன. அவள் எண்ணினாள்; மறுபடி எண்ணினாள். தனக்குள்ளே ஏதாவது அசையும் என்று சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு போய் ஸிந்துஜாவை அழைத்து வந்தாள்.

ஸிந்துஜா மண்டியிட்டுச் சிரித்தாள். "பதிவு எழுதணும். எந்த இடத்துல எடுத்தீங்க? இப்பவாவது சொல்லுங்க."

"கல்லறைத் தோட்டம் மேடம். எங்க வீட்டுக்காரரு மேல இருந்துச்சு."

ஸிந்துஜாவின் சிரிப்பு நின்றது. இலைகளைப் பார்த்தாள், சம்பூர்ணத்தைப் பார்த்தாள். "ஒரு இலை வேணும், பாடம் பண்ணி வைக்க. எடுக்கலாமா?" என்றாள்.

சம்பூர்ணம் யோசித்தாள்.

"ஒண்ணு எடுங்க. வேரத் தொடாதீங்க."

ஸிந்துஜா மண்ணை ஒட்டிக் கிள்ளினாள். மற்ற எட்டும் நின்றன.