கருப்பன் முன்னால் வந்த சிவப்புப் பூ

என் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். அவனுக்கு வந்த நோயைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

மாரிமுத்து அண்ணன் சிம்மக்கல் பழ மண்டியில் ஏலம் கூவுகிறவன். அவன் தொண்டைக்கு மைக் தேவையில்லை. போன வருஷம் தொடையில் ஒரு கட்டி. வலியே இல்லை. கூடை இடித்த வீக்கம் என்று விட்டுவிட்டோம். அது சார்கோமா, சதையில் வருகிற புற்றுநோய். அறுத்து எடுத்து, ரேடியேஷன் கொடுத்து, தீர்ந்தது என்று இருந்தோம். இந்தத் தை மாதம் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் இரண்டு புள்ளி. அங்கே பரவியிருந்தது.

"சின்னதாத்தான் இருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாம், தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டர்.

அண்ணன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். நான் நாகமலை புதுக்கோட்டையில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். வகுப்பில் உட்கார முடியவில்லை, பஸ்ஸில் உட்கார முடியவில்லை. போனில் தேடித் தேடிப் படித்தேன். பயம்தான் கூடியது. "கருப்பா, அவன் வாயைத் திறக்க வை. வாழணும்னு அவனே சொல்லட்டும்." எந்நேரமும் இது ஒன்றுதான் என் வேண்டுதல்.

ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள் அம்மா. பேரையூர்ப் பக்கம் இருக்கிற கருப்பசாமி எங்கள் குலதெய்வம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வருகிற பூதான் சாமியின் பதில். அண்ணனையும் கூட்டிப்போனோம். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

"உத்தரவு குடுத்துட்டான்யா!" என்று அப்பா கும்பிட்டார்.

"வேணாம்னுட்டானே!" என்று அதே நேரம் அம்மா அழுதாள்.

பூசாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏத்தா, எந்தப் பூவுக்கு என்னன்னு முன்னாடியே பேசிக்கிறலையா?"

பேசவில்லை. பதற்றத்தில் ஆளுக்கொன்றை மனதில் நினைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

"வெள்ளதான நல்ல பூ? ஊரே அப்படித்தான கேக்கும்?" என்றாள் அம்மா.

"கருப்பனுக்குச் செவப்புத்தாண்டி இஷ்டம்!" என்றார் அப்பா.

"அப்ப இன்னொருக்கக் கட்டுங்கய்யா" என்றாள் அம்மா.

"ஒரு காரியத்துக்கு ஒருக்கத்தான் கேக்கலாம்த்தா" என்று கையை விரித்தார் பூசாரி.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அண்ணன்! சிரித்து, இருமி, தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அம்புட்டுப் பேரும் சேந்து சாமியவே கொழப்பிவிட்டுட்டீகளே! அவரு பாவம், என்னத்தச் சொல்லுவாரு? நான் ஒருத்தன் உசுரோட நிக்கிறேன், என்னயக் கேக்க மாட்டீகளா?"

"சொல்லுய்யா" என்றாள் அம்மா.

"ஆபரேசனுக்குப் போறேன். பயமாத்தான் இருக்கு. ஆனா நான் இருக்கணும்மா."

நான் கருப்பனைப் பார்த்துக் கும்பிட்டேன். நான் கேட்டது இதைத்தானே!

மாசியில் நுரையீரலில் இருந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். அடுத்து எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆடியில் இன்னொரு ஸ்கேன் இருக்கிறது. அன்றைக்கும் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டுதான் இருப்பேன். ஆனால் தனியாக நடக்க மாட்டேன், கருப்பன் கூட வருவான்.

உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், டாக்டரை விடாதீர்கள், சாமியையும் விடாதீர்கள். படுத்திருப்பவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். கருப்பன் யார் வாயால் பதில் சொல்வான் என்று நமக்குத் தெரியாது.

அண்ணன் மறுபடி ஏலம் கூவுகிறான். முன்னைப்போல ஒரே மூச்சில் இல்லை. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறான். அந்த இடைவெளியில் நான் "கருப்பா" என்று சொல்லிக்கொள்கிறேன்.