மைனாவுக்குக் குரல் கொடுத்த காளிச்சாமி

கேரளத்துக் கொல்லங்கோட்டில் சுகாதார இலாகா வேனை ஓட்டிக்கொண்டிருந்த காளிச்சாமிக்குப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. எழுபத்து நாலாம் வருஷம் இலாகாவுக்கு ஒரு பொம்மைப் படம் வந்து இறங்கியது. பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் மைனாவின் கதை. வரிசையில் நில், கை கழுவிவிட்டுச் சாப்பிடு, கண்ட இடத்தில் துப்பாதே, காக்கிச்சட்டைக்காரர் கேட்டால் உள்ளதைச் சொல். படமோ மலையாளத்தில் பேசியது. எல்லையோரக் கோவிந்தாபுரத்துப் பிள்ளைகளோ தமிழில் மட்டுமே சிரித்தன. ஆபீசர் படத்தின் சத்தத்தை அடைத்துவிட்டு மைக்கைக் காளிச்சாமியிடம் நீட்டினார்.

பேசினான் பாருங்கள்! பள்ளிக்கூட ஜன்னல்களில் கோணிச்சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். மூக்கால் இழுத்து இழுத்து அவன் மைனாவாகவே ஆகிவிட்டான். முன்வரிசையில் அவன் மகள், ஆறு வயது மயிலாத்தாள், வாயைப் பிளந்து கேட்டாள். மனுஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அடுத்த வாரம் அவன் பெண்டாட்டி முத்தாத்தாள் மகளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பினாள். அப்போது தமிழ்நாட்டு எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் அரிசி கொண்டுவரக் கூடாது. ரேஷன் அரிசி வாரத்தில் பாதிக்குக்கூடக் காணாது. அப்பன் வயலில் விளைந்ததைப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கடத்தலாம், என்ன கூத்தோ! எல்லைப்புறத்துப் பெண்கள் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. அரிசியைத் துணியில் முடிந்து வயிற்றில் கட்டிக்கொண்டு, மாசமான பெண்ணாகப் பஸ் ஏறுவார்கள். முத்தாத்தாளும் அப்படித்தான் ஏறினாள்.

செக்போஸ்ட்காரர் பஸ்ஸுக்குள் வந்தார். தம்பிப் பாப்பா வேண்டுமா, தங்கச்சிப் பாப்பா வேண்டுமா என்று மயிலாத்தாளிடம் சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டார்.

“பாப்பா இல்லீங்க. அம்மா வயித்துல இருக்கறது அரிசிங்க.”

பஸ்ஸே சிரித்தது. முத்தாத்தாள் இறங்கி, செக்போஸ்ட் கொட்டகைக்குப் பின்னால் போய் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, வெறும் வயிற்றோடு அதே பஸ்ஸில் அத்தனை பேர் முன்னாலும் ஏற வேண்டியதாயிற்று. வழியெல்லாம் அவள் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்ட காளிச்சாமிக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. பிள்ளையை அடிக்கலாமென்றால் அது செய்த குற்றம் என்ன? பாராட்டலாமென்றால் பெண்டாட்டி அடுப்படியில் அழுகிறாள். குழம்பிப்போய், மகளை மடியில் உட்காரவைத்து, ஊட்டுச் சங்கதியை வெளியாள்கிட்டச் சொல்லக் கூடாது சாமி என்றான்.

“உள்ளதைச் சொல்லோணும்னு மைனா சொல்லுச்சுங்களே அப்பா.”

“அது பொம்மை, கண்ணு.”

“பேசுனது நீங்கதானுங்களே?”

காளிச்சாமிக்கு வாயடைத்துப் போயிற்று. தண்ணீர் பட்ட பாடாம், தண்ணீர்!

முத்தாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். “ஏனுங்க, அங்க மைக்குல ஒண்ணு பேசறீங்க, இங்க ஊட்டுல ஒண்ணு பேசறீங்க. எம்புள்ள எதைத்தானுங்க நம்பும்?” என்றாள்.

காளிச்சாமிக்கு இரண்டும் சரி போலவும் இருந்தது, இரண்டும் தப்புப் போலவும் இருந்தது. மைக் வேண்டாமென்று ஆபீசரிடம் சொல்லிவிடலாமா? ஏன் என்று கேட்டால் பெண்டாட்டி அரிசி கொண்டுவந்த கதை வெளியே வரும். வேலை போனாலும் போகும். படத்தில் காக்கிச்சட்டை வரும் அந்த ஓரிடத்தில் மட்டும் பேசாமல் விழுங்கிவிடுவது என்று ஒருவழியாக முடிவு செய்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அதே பள்ளிக்கூடத்தில் மறுபடியும் படம். திரையில் காக்கிச்சட்டை வந்தது, மைனா அலகைத் திறந்தது, காளிச்சாமி வாயைத் திறக்கவில்லை. மிஷின் கெட்டுவிட்டதோ என்று ஆபீசர் எழுந்து வந்து அவன் பக்கத்தில் நின்றார். வேறு வழியில்லாமல், மூக்கால் இழுக்கக்கூட மறந்து, சொந்தக் குரலிலேயே கேட்டுவிட்டான்: “உள்ளதைச் சொல்லுவீங்களா, கண்ணுகளா?”

சொல்லுவோம் என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தின. மயிலாத்தாள் மட்டும் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, திரையைப் பார்க்காமல், திரும்பி அப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.